நிவாரணக் குழுவான நாங்கள் சீரமைப்பு காண்ட்ராக்டர்களின் கூட்டமைப்பில் சேரலாமா?

#1 பேயூக்கரை

வணக்கம். ஹூஸ்டனிலிருந்து எழுதுகிறேன். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் அடித்தபோது அக்கம்பக்கத்து வீடுகளில் சேறு வழிக்கப் போனவர்கள் நாங்கள். தண்ணீர் வடிந்தது, வேலை வடியவில்லை. அப்படியே ஒரு குழுவாக நின்றுவிட்டோம். தமிழர்கள் ஏழெட்டுப் பேர், மற்றவர்கள் பக்கத்துத் தெருக்காரர்களும் சர்ச் ஆட்களும். 501சி3 பதிவு இருக்கிறது. அலுவலகமோ சம்பள ஆளோ கிடையாது. சொத்து என்று சொன்னால் ஒரு ட்ரெய்லர், அதில் கடப்பாரைகள், தள்ளுவண்டி, எட்டு காற்றூதிகள், காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிஃபயர் நாலு. இன்சூரன்ஸ் இல்லாதவர்கள், வயதானவர்கள் வீட்டில் நனைந்த சுவரை அறுத்தெடுத்து, உலர்த்தி, கைவசம் பணம் இருந்தால் திரும்ப மூடியும் கொடுப்போம்.

போன மாதம் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கூட்டம் ஒன்றில், சொத்துச் சீரமைப்பு நிறுவனங்களின் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒருவர் வந்து பேசினார். வெள்ளம், தீ, பூஞ்சை என்று சேதமான கட்டடங்களைச் சரிசெய்யும் நிறுவனங்கள்தான் அவர்களுடைய உறுப்பினர்கள். லாப நோக்கற்ற அமைப்புகளுக்குத் தனி உறுப்பினர் பிரிவு உண்டாம். நிறுவனங்கள் கட்டும் சந்தாவில் சின்னப் பங்கு கட்டினால் போதும். பயிற்சியில் தள்ளுபடி, வருடாந்திர மாநாட்டுக்குச் சலுகை, தொழில்நுட்ப ஆவணங்கள், டைரக்டரியில் பெயர். ஓட்டு மட்டும் கிடையாது.

எங்கள் போர்டில் ஐந்து பேர். இரண்டு பேர் சேரலாம் என்கிறார்கள், இரண்டு பேர் கூடவே கூடாது என்கிறார்கள். ஐந்தாவது ஆள் நான்.

வீட்டில் சொன்னபோது "இந்த வயசுல யூனியன்ல சேர்ந்து கொடி பிடிக்கப் போறீங்களா?" என்றார் மனைவி. அது தொழிலாளர் சங்கம், இது முதலாளிகள் சங்கம் என்றேன். "அப்ப இன்னும் மோசம்" என்று போய்விட்டார்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 கணக்குப்பிள்ளை

வரி வேலை பார்க்கிறவன் என்பதால் அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நீங்களும் லாப நோக்கற்றவர்கள், பொதுவாக அந்தக் கூட்டமைப்பும் லாப நோக்கற்றதுதான். ஆனால் இரண்டும் வேறு ஜாதி. நீங்கள் 501சி3, அதாவது தர்ம காரியம். தொழில் கூட்டமைப்புகள் வழக்கமாக 501சி6, ஒரு தொழிலில் இருப்பவர்கள் தங்கள் தொழிலின் நலனுக்காகக் கூடியது. உங்களுக்குக் கொடுத்தால் கொடுத்தவருக்கு நன்கொடை வரிவிலக்கு உண்டு. அவர்களுக்குக் கொடுத்தால் அது நன்கொடையாகாது. நிறுவனமாக இருந்தால் சந்தாவைத் தொழில் செலவாகக் காட்டிக்கொள்ளலாம். அதிலும் லாபியிங்குக்கு, அதாவது சட்டம் போடுகிறவர்களிடம் ஆதரவு திரட்டுவதற்கு, போகிற பங்கைக் காட்ட முடியாது. அந்தப் பங்கு எவ்வளவு என்று சி6 அமைப்பு உறுப்பினர்களுக்கு அறிவிக்க வேண்டும், அல்லது அதற்கான வரியைத் தானே கட்டிவிட வேண்டும்.

உங்களுக்கு இதில் என்ன? ஜனங்கள் நிவாரணத்துக்கென்று கொடுத்த பணத்தை சி6 அமைப்புக்குக் கொடுக்கிறீர்கள். தடை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பணத்துக்கு உங்கள் நோக்கத்துக்கு உதவுகிற ஏதாவது திரும்பி வர வேண்டும். பயிற்சி, ஆவணம் என்று வந்தால் சரி. "நல்லெண்ணத்துக்காகச் சேர்ந்தோம்" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதாதீர்கள். சந்தாவில் லாபியிங் பங்கு எத்தனை சதவீதம் என்று எழுத்தில் கேளுங்கள். சி3 கொஞ்சம் லாபியிங் செய்யலாம், அளவு மீறக் கூடாது. அடுத்தவர் கை வழியாகப் போனாலும் பணம் உங்களுடையதுதானே.

அப்புறம், அவர்கள் வரித்துறைக்கு வருடாவருடம் கொடுக்கும் கணக்கான 990 படிவம் பொது ஆவணம். கேட்டால் கொடுத்தாக வேண்டும், இணையத்திலும் கிடைக்கும். எதற்குச் செலவழிக்கிறார்கள், தலைவருக்குச் சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். அரைமணி நேர வேலை. உங்களை மாதிரி ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் இருக்கிற குழு 990-என் என்ற சின்ன அட்டையோடு தப்பித்துவிடும். அவர்கள் முழுப் படிவம் போட வேண்டியிருக்கும்.

#3 ஈரமீட்டர்

டல்லஸ் பக்கம், பதினோரு வருடமாக இதே தொழில். நான் வேலை பார்க்கும் நிறுவனமும் ஒரு கூட்டமைப்பில் உறுப்பினர். அதனால் என் பேச்சில் சாய்வு இருக்கும், தெரிந்தே படியுங்கள்.

இந்தத் தொழிலே கம்பளம் துவைத்தவர்களிடமிருந்து வளர்ந்ததுதான். ஆர்.ஐ.ஏ. என்ற பழைய கூட்டமைப்பு 1946-இல் கம்பளம் சுத்தம் செய்கிறவர்களின் அமைப்பாகத் தொடங்கியது. அதன் பிறகுதான் தீ, வெள்ளம் எல்லாம். ஐ.ஐ.சி.ஆர்.சி. வேறு, அது 1972-இல் வந்தது. தரநிலை எழுதுவதும் ஆட்களுக்குச் சான்றிதழ் தருவதும் அதன் வேலை. தண்ணீர் சேதத்துக்கு எஸ்500, பூஞ்சைக்கு எஸ்520. எல்லாரும் குழப்பிக்கொள்வது இங்கேதான். கூட்டமைப்பில் உறுப்பினர் என்றால் சந்தா கட்டியிருக்கிறார் என்று மட்டும்தான் அர்த்தம். சான்றிதழ் என்றால் வகுப்பில் உட்கார்ந்து பரீட்சை எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். காண்ட்ராக்டர் வண்டியில் இரண்டு லோகோவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், வீட்டுக்காரருக்கு எது எதுவென்று தெரியாது.

எஸ்500 தண்ணீரை மூன்று வகையாகப் பிரிக்கிறது. குழாய் உடைந்து வருகிற நல்ல தண்ணீர் முதல் வகை. வாஷிங் மெஷின் கழிவு மாதிரி இரண்டாவது. சாக்கடை, ஆறு பெருகி வந்த வெள்ளம் மூன்றாவது. 2021 பிப்ரவரியில் ஊரி பனிப்புயலில் டெக்சாஸ் முழுக்கக் குழாய் வெடித்தது நினைவிருக்கும். அது முதல் வகை, சீக்கிரம் போனால் சுவரைக் காப்பாற்றலாம். ஹார்வி மூன்றாம் வகை, டிரைவாலை (சுவராக அடித்திருக்கும் ஜிப்சம் பலகையை) அறுத்து வீச வேண்டியதுதான். இந்தப் பாகுபாடு தெரியாமல் ஒரே மாதிரி வேலை செய்கிற தன்னார்வக் குழுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நல்ல மனசு, தப்பான வேலை.

என் யோசனை: முதலில் உங்களில் இரண்டு பேரைத் தண்ணீர் சேதச் சீரமைப்பு டெக்னீஷியன் வகுப்புக்கு அனுப்புங்கள். மூன்று நாள். அந்தக் கட்டணத்தில் உறுப்பினர் தள்ளுபடி எவ்வளவு வருகிறது, சந்தா எவ்வளவு என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். பதில் அதிலேயே வந்துவிடும்.

#4 எடிசன்அக்கா

தம்பிக்கு என் ஓட்டு "வேண்டாம்".

2012-இல் சாண்டி புயலில் என் நாத்தனார் வீட்டு பேஸ்மென்ட் முழுகிப்போனது. அவர்கள் நம்பியது ஒரு நிவாரணக் குழுவை. பெயர் சொல்ல மாட்டேன், இப்போதும் நல்ல காரியங்கள் செய்கிறார்கள். அந்தக் குழு கையில் மூன்று காண்ட்ராக்டர் பெயர் உள்ள ஒரு தாளைக் கொடுத்தது. நாத்தனார் என்ன நினைப்பார்? தர்ம காரியம் செய்கிறவர்கள் கொடுத்த பெயர், யோக்கியமான ஆளாகத்தான் இருப்பார் என்று நினைத்தார். வந்தவர் முன்பணம் வாங்கினார், நாலு நாள் ஃபேன் வைத்தார், மூடினார், போனார். ஏப்ரலில் கீழே இறங்கினால் ஊறப்போட்ட சாக்கு மாதிரி வாடை. அதற்கப்புறம்தான் தெரிந்தது, அந்த மூன்று பேரும் அந்தக் குழுவின் விருந்துக்கு மேஜை வாங்கினவர்களாம்.

யாரும் திருட நினைக்கவில்லை. உதவி செய்கிறவர்களும் வியாபாரம் செய்கிறவர்களும் ஒரே தாளில் பெயர் போட்டுக்கொண்டதால் வந்த வினை. உங்களிடம் வருகிறவர்கள் நொந்து போய் வருகிறார்கள். அவர்களுக்கு லோகோவைப் பார்த்து ஆராய நேரமில்லை.

#5 பேயூக்கரை

அக்கா சொன்னதைத்தான் எங்கள் போர்டில் எதிர்க்கிற இருவரும் சொல்கிறார்கள். ஹார்விக்கு அப்புறம் வெளியூர் நம்பர் பிளேட்டோடு வந்து கதவைத் தட்டி, முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போனவர்களை நாங்களே பார்த்தோம்.

ஆனால் சேரலாம் என்கிற இருவரின் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாக இருந்தாலும்.

பிரேஸ் பேயூ என்ற ஓடைப் பக்கம் ஒரு பாட்டி, தனியாக இருப்பவர். முழங்கால் அளவு தண்ணீர் வந்த வீடு. நாலடி உயரத்துக்கு டிரைவாலை அறுத்தோம், இன்சுலேஷனைப் பிடுங்கினோம், மரச்சட்டங்களைத் தேய்த்துக் கழுவினோம். பத்து நாள் காற்றூதி ஓடியது. ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்தோம், நம் ஊர் வழக்கப்படி. பத்தாம் நாள் கையை வைத்துப் பார்த்தால் சட்டம் காய்ந்திருந்தது. பாட்டி வேறு "எப்போது என் கட்டில் திரும்ப வரும்?" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். மூடினோம், பெயின்ட் அடித்தோம், கேக் வெட்டினோம்.

ஐந்தாவது வாரம் பாட்டி கூப்பிட்டார். படுக்கையறைச் சுவரின் அடியில், பேஸ்போர்டு என்கிற சுவரடிப் பலகைக்கு மேலே, மிளகு தூவின மாதிரி கறுப்புப் புள்ளிகள். பேஸ்போர்டை நெம்பினால் பின்பக்கம் முழுக்கப் பச்சையும் கறுப்பும். ஒருவர் கடன் வாங்கி வந்த, மரத்தின் ஈரம் அளக்கும் மீட்டரை அடிச்சட்டத்தில் குத்தினோம். 24 சதவீதம் காட்டியது. நாங்கள் போட்ட சுவரை நாங்களே அறுத்தோம். பாட்டி ஒரு வார்த்தை திட்டவில்லை, லெமனேடு கலந்து கொண்டுவந்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

#6 ஈரமீட்டர்

நண்பரே, இதில் தப்பு செய்யாதவர் இந்தத் தொழிலில் யாரும் இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு நானும் செய்திருக்கிறேன்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். மரம் மேல்தோலில் முதலில் காயும், கைக்குத் தெரிவது அந்தத் தோல் மட்டும்தான். நிற்கிற சட்டம் காய்ந்த பிறகும், தரையோடு படுத்திருக்கிற அடிச்சட்டத்தில் ஈரம் நிற்கும். கீழே கான்கிரீட், அந்தப் பக்கம் காற்றே படாது. மீட்டரை அங்கேதான் குத்த வேண்டும், அறைக்கு நாலு இடத்திலாவது. 16 சதவீதத்துக்குக் கீழே வராமல் மூடாதீர்கள். இன்னும் நல்ல வழி, அதே வீட்டில் நனையாத ஒரு சட்டத்தில் குத்தி வரும் எண்ணைக் குறித்துக்கொள்வது. அந்த எண்ணுக்கு அருகே வர வேண்டும் என்பதே இலக்கு.

ஜன்னல் திறந்தது இரண்டாவது தப்பு. ஹூஸ்டன் செப்டம்பர் காற்று, கழுத்து வரை தண்ணீர் குடித்த காற்று. கரண்ட் இல்லாவிட்டால் திறப்பதைத் தவிர வழியில்லை, சரி. கரண்ட் வந்த பிறகு அடைத்துவிட்டு டிஹியூமிடிஃபயரைப் போட வேண்டும். காற்றூதி மட்டும் ஓடினால் ஈரம் சட்டத்திலிருந்து காற்றுக்கு வந்து, காற்றிலிருந்து கட்டிலுக்குப் போகும்.

நனைந்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை தொடங்கிவிடும் என்று மத்திய அரசின் பேரிடர் அமைப்பான ஃபீமாவும் சுற்றுச்சூழல் அமைப்பான இ.பி.ஏ.வும் சொல்கின்றன. உங்களுக்கு வேண்டியது ஊசி மீட்டர் ஒன்றும் அதைப் படிக்கத் தெரிந்த ஆளும்.

#7 வேளச்சேரிமாடி

சென்னையிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். 2015 டிசம்பரில் எங்கள் தரைத்தளம் இடுப்பளவு. இங்கே எல்லாம் செங்கல், சிமென்ட் பூச்சு, அறுத்து வீச ஒன்றும் இல்லை. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம், ஃபேனைச் சுழல விட்டோம், பொங்கலுக்குள் பெயின்ட் அடித்தோம். சித்திரையில் சுவர் உப்புப் பூத்து, பெயின்ட் அப்பளம் மாதிரி எழும்பி உதிர்ந்தது. பெயின்டர் கொத்தனாரைத் திட்டினார், கொத்தனார் பெயின்டரைத் திட்டினார். உலர்த்துவது என்று தனியாக ஒரு தொழில் இருக்கும் என்றே அன்றைக்கு எங்களுக்குத் தோன்றவில்லை.

ஒரு சந்தேகம். நீங்கள் இலவசமாக வேலை செய்கிறீர்கள், அவர்கள் காசுக்குச் செய்கிறார்கள். போட்டிதானே? எதற்கு உங்களைக் கூப்பிடுகிறார்கள்?

#8 ஈரமீட்டர்

போட்டி இல்லை. இங்கே சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் வெள்ளத்தைத் தொடாது. அதற்குத் தனியாக மத்திய அரசின் வெள்ள இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும், 1968-இலிருந்து இருக்கிறது. எடுத்தாலும் வீட்டுக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், பொருட்களுக்கு 1,00,000. வழக்கமாக 30 நாள் காத்திருப்பு வேறு, அதாவது புயல் செய்தி பார்த்துவிட்டு எடுக்க முடியாது. எடுக்காதவர்கள் எங்களைக் கூப்பிட மாட்டார்கள், கூப்பிட்டாலும் கட்ட முடியாது. அவர்கள்தான் பேயூக்கரையின் ஆட்கள்.

கூப்பிடுகிற காரணம் வேறு. கூட்டமைப்பின் பெரிய சண்டை இன்சூரன்ஸ் கம்பெனிகளோடு. எக்ஸாக்டிமேட் என்று ஒரு மென்பொருள், ஒரு அடி சுவர் அறுக்க எவ்வளவு, ஒரு காற்றூதிக்கு நாள் வாடகை எவ்வளவு என்று விலைப்பட்டியல் அதில்தான். பட்டியல் விலை கட்டுப்படியாகவில்லை என்று நாங்கள், அதற்கு மேல் தர முடியாது என்று அட்ஜஸ்டர், அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் சேதத்தை மதிப்பிடுகிறவர். புளோரிடாவில் வீட்டுக்காரர் தன் இன்சூரன்ஸ் க்ளெய்ம் உரிமையைக் காண்ட்ராக்டர் பெயருக்கு எழுதிக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. ஏமாற்று வேலை பெருத்து, வழக்குகள் குவிந்து, 2022 டிசம்பரில் சட்டம் போட்டு 2023 முதல் எடுக்கும் பாலிசிகளுக்கு அதை நிறுத்திவிட்டார்கள். இப்படிப்பட்ட சூழலில் எம்.எல்.ஏ. மாதிரி ஆட்களிடம் போகும்போது, "எங்களோடு நிவாரணக் குழுக்களும் இருக்கிறார்கள்" என்று சொல்ல முடிந்தால் நல்லதுதானே.

நல்ல காரணமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. பெரிய புயல் என்றால் எந்த நிறுவனமும் எல்லா வீட்டுக்கும் போக முடியாது. பழைய டிஹியூமிடிஃபயரைத் தூக்கிப் போடுவதற்குப் பதில் தெரிந்த குழுவுக்குக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

#9 எடிசன்அக்கா

ஆக மாப்பிள்ளைத் தோழனாகக் கூப்பிடுகிறார்கள், புகைப்படத்துக்கு. நீங்களே ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

#10 ஈரமீட்டர்

அக்கா, புகைப்படத்துக்குக் கூப்பிட்டாலும் சாப்பாடு நிஜம்தான். அந்தப் பாட்டி வீட்டுச் சுவரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய விஷயம் எங்கள் ஆட்களிடம்தான் இருந்தது, சி3 கடிதத்தில் இல்லை. உங்கள் நாத்தனார் வீட்டு ஆள் மாதிரி எங்களில் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. எல்லாரையும் அந்தத் தட்டில் வைக்காதீர்கள்.

#11 எடிசன்அக்கா

சரி, அந்தக் கடைசி வரியை எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் எடுத்துக்கொள்வதை எடுத்துக்கொண்டு, கொடுக்கக் கூடாததைக் கொடுக்காமல் இருக்க வழி சொல்லுங்கள். பெயரும் சிபாரிசும் கொடுக்கக் கூடாதவை. யாராவது "நல்ல காண்ட்ராக்டர் சொல்லுங்க" என்று கேட்டால் உங்கள் ஆட்கள் என்ன பதில் சொல்வார்கள் என்பதை இன்றைக்கே எழுதி வையுங்கள். புயலுக்கு மறுநாள் யோசித்தால் வாயில் வந்த பெயரைச் சொல்லிவிடுவீர்கள்.

#12 கணக்குப்பிள்ளை

அக்கா சொல்வதற்கு வரிச் சட்டத்திலும் ஒரு காரணம் உண்டு. சி3 அமைப்பு ஒரு தனியார் வியாபாரத்துக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதாகத் தெரிந்தால் பதிவுக்கே கேள்வி வரும். சிபாரிசு செய்வதற்குப் பதில், காண்ட்ராக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அடங்கிய தாளைக் கொடுங்கள். இன்சூரன்ஸ் சான்று, மீட்டர் அளவுகளை எழுதித் தருவாரா, முன்பணம் எவ்வளவு, இவ்வளவு போதும்.

கூடவே மூன்று விஷயம், கூட்டமைப்பில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் உங்களுக்கு உதவும். 1997-இன் தன்னார்வலர் பாதுகாப்புச் சட்டம் சாதாரணக் கவனக்குறைவுக்குத் தன்னார்வலரைக் காப்பாற்றும், அமைப்பைக் காப்பாற்றாது. பாட்டி வழக்குப் போட்டிருந்தால் குழுவின் மேல்தான். பொறுப்பு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, டெக்சாஸில் தொடர்ச்சியாக 25 சதுர அடியோ அதற்கு மேலோ பூஞ்சை என்றால் உரிமம் என்ற பேச்சு வந்துவிடும். விதிவிலக்குகள் உண்டு, படித்துவிட்டு இறங்குங்கள். மூன்றாவது, யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்று கையெழுத்தோடு தாள் வைத்திருங்கள். பேரிடர் அறிவிப்பு வந்தால், ஃபீமாவின் பொது உதவித் திட்டச் செலவில் குறைந்தது 75 சதவீதத்தை மத்திய அரசு ஏற்கும். மீதிப் பங்கில், தகுதியுள்ள வேலைகளுக்குத் தன்னார்வலர் உழைப்பைக் கவுண்டி கணக்குக் காட்டிக் கழித்துக்கொள்ளலாம். உங்கள் தாளுக்கு அங்கே மரியாதை உண்டு.

#13 பேயூக்கரை

ஆறு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

கூட்டமைப்புக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். சந்தாவில் லாபியிங் பங்கு எவ்வளவு? டைரக்டரியில் எங்கள் பெயர் இல்லாமல் சேர முடியுமா? எங்களைக் கேட்காமல் எந்தக் கடிதத்திலும் மேடையிலும் எங்கள் பெயரைப் பயன்படுத்த மாட்டீர்களா? உறுப்பினர் நிறுவனங்களை நாங்கள் சிபாரிசு செய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு உண்டா? முதல் கேள்விக்கு சதவீதத்தோடு மறுநாளே பதில் வந்தது. நாலாவதற்கு "இல்லை" என்று ஒற்றை வரி. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் பத்து நாள் எடுத்துக்கொண்டார்கள். "இப்படி இதுவரை யாரும் கேட்டதில்லை" என்றார் போனில் பேசியவர். கோபமாகச் சொல்லவில்லை, அவருக்கே சுவாரசியமாக இருந்த மாதிரிதான் பட்டது. கடைசியில் எழுத்தில் தந்தார்கள்.

ஈரமீட்டர் சொன்னபடி தாளில் போட்டுப் பார்த்தோம். இரண்டு பேர் வகுப்புக்குப் போனால் தள்ளுபடி சந்தாவைவிடக் கொஞ்சம் அதிகம், மூன்று பேர் போனால் நன்றாகவே மிச்சம். ஒரு வருடத்துக்கு மட்டும் சேர்ந்திருக்கிறோம். அடுத்த வருடம் யாரையும் வகுப்புக்கு அனுப்பவில்லை என்றால் சந்தா கட்டுவதில்லை என்றும் தீர்மானத்தில் எழுதியாயிற்று. ஓட்டு நாலுக்கு ஒன்று. அக்கா, அந்த ஒருவர் இன்னும் உங்கள் கட்சிதான். அவரைத்தான் முதல் ஆளாக வகுப்புக்கு அனுப்பினோம். மூன்று நாளும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஜன்னலை மூடுகிறார்.

கேள்வித் தாள் தயார், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் தமிழிலும். அதில் எந்தக் கம்பெனிப் பெயரும் இல்லை.

இப்போது பைப் வெடித்த ஒரு வீட்டில் வேலை நடக்கிறது. வீட்டுக்காரர் சுவரைத் தட்டிக் காட்டி, காய்ந்துவிட்டது, சனிக்கிழமை மகள் வருகிறாள், மூடிவிடுங்கள் என்கிறார். நேற்று அடிச்சட்டத்தில் 19. நனையாத அறையில் 11. மூடவில்லை. வியாழக்கிழமை மறுபடி குத்திப் பார்க்கப் போகிறோம்.